வெள்ளி நாக்கு

காம்போசிஷன் நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல். பக்கத்தில் மதிப்பெண் இல்லை, கையெழுத்து இல்லை. எங்கள் ஆங்கில வாத்தியார் 'குட்' போடுவார், 'ஃபேர்' போடுவார், பிழை மலிந்திருந்தால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். இது மூன்றிலும் சேராதது. எழுத்துக்கூட்டி மனசுக்குள் படித்துப் பார்த்தேன். எலோக்வன்ட்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நான் ஒன்பதாம் வகுப்பு. வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். பள்ளிக்கூட நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நின்ற ஒரு மர பீரோ. அதில் அட்டை கழன்ற ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் போய், துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டி அதை வாங்கினேன். 'நாவன்மை படைத்த' என்று போட்டிருந்தது.

மூடி வைத்துவிட்டேன். சார் நோட்டு மாறி எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அடிவயிறு சில்லிட்டது. கேலி செய்கிறாரோ? எனக்குத் திக்குவாய். வகுப்பில் மட்டுமில்லை, ஊரிலேயே பாதிப் பேருக்கு நான் 'திக்குவாயன்'தான்.

திக்குவாய் என்றால் சொல் தெரியாமல் தடுமாறுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சொல் தெரிந்துதான் நிற்கிறோம். 'பாம்பு' என்று சொல்ல வேண்டும். 'ப'வுக்காக உதடு இரண்டும் சேரும். சேர்ந்த உதடு பிரியாது. உள்ளே காற்று முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். சொல் முழுசாக, ஓர் எழுத்தும் பிசகாமல், உதட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும். எதிரே இருப்பவர் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எனக்காகச் சொல்லி முடித்துவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

உயிரெழுத்தில் தொடங்குகிற சொல் உதடு வரைகூட வராது, தொண்டையிலேயே பூட்டிக்கொள்ளும். காலையில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். 'உ' வராது. எழுந்து நிற்பேன். மற்ற வாத்தியார்கள் நிமிர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும், குரல் கேட்டால்தான் ஆள் வந்ததாக அர்த்தம் என்பார். அவர் வகுப்பாசிரியராக இருந்த வருஷம் ஒரு மாதம் முழுக்க இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் ஆப்சென்ட் ஆனேன்.

பாடினால் திக்காது. எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது திக்காது. கொல்லையில் மாட்டிடம் பேசினால் மணிக்கணக்கில் பேசுவேன். எனக்கு மட்டும் இப்படி என்று நினைத்திருந்தேன். திக்குவாய் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் இதே கதைதான் என்று பெரியவனான பிறகு படித்தேன். சொந்தப் பெயரைச் சொல்லத்தான் பெரும்பாடு என்பதும் பொதுவானது. மற்ற சொல்லுக்கெல்லாம் மாற்றுச் சொல் உண்டு, பெயருக்குக் கிடையாது.

அந்த மாற்றுச் சொற்களை வைத்துத்தான் நான் நாளை ஓட்டினேன். 'கடைத்தெரு' வராது, 'மார்க்கெட்டு' வரும். 'தங்கச்சி' வராது, 'சின்னவ' வரும். 'பசிக்குது' வராது, 'சோறு' வரும். வாய் திறக்கும் முன்பே எந்த எழுத்து மறிக்கும் என்று தெரிந்துவிடும். அதற்குள் வரப்பு மாறிப் போய்விட வேண்டும். இதற்காகவே கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூட விடமாட்டேன். ஒரு பொருளுக்கு நாலு பெயராவது கையிருப்பு வேண்டும், நாலில் ஒன்றாவது வாயைத் தாண்டும் என்ற கணக்கு.

அப்பாயி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து விடிகாலையில் என் நாக்கில் தடவுவாள். வசம்புக்கு எங்கள் பக்கம் 'பேர் சொல்லாதது' என்று பெயர். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள். பாம்பையும் இருட்டில் பெயர் சொல்லமாட்டார்கள், 'நல்லது' என்பார்கள். பகலெல்லாம் நான் ஒருவன் பெயர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். விளக்கு வைத்த பிறகு ஊரே என்னைப்போலப் பேசியது. அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

ஒரு நவராத்திரிக்குக் கூத்தனூர் கூட்டிப்போனாள். பூந்தோட்டத்தில் இறங்கி நடந்தோம். சரஸ்வதிக்கென்று தனிக் கோயில் அமைந்த ஊர், ஒட்டக்கூத்தர் பேரால் வந்த ஊர் என்பார்கள். நோட்டும் பேனாவும் வைத்துக் கும்பிடுகிற பிள்ளைகள் வரிசையில் நானும் நின்றேன். வழியெல்லாம் அப்பாயி குமரகுருபரர் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, ஐந்து வயது வரை பேச்சே இல்லை. திருச்செந்தூரில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள், முருகன் பேசவைத்தான். அந்தப் பிள்ளைதான் பின்னால் காசிக்குப் போய், அங்கே ஆள்கிறவனோடு அவன் பாஷையில் பேச வேண்டும் என்று சகலகலாவல்லி மாலையைப் பாடியதாம். சன்னிதியில் அந்தப் பத்துப் பாட்டையும் நான் பாடினேன். ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து, செருப்பு எங்கே என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். 'எ' வரவில்லை.

அவள் விடவில்லை. அடுத்த பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் கோயில் திருவிழா. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்து, நெற்றியில் காசு ஒட்டி, கொள்ளிச்சட்டியோடு வந்து நேர்த்திக்கடன் தீர்க்கிற கோயில் அது. அப்பாயி பத்தரிடம் சொல்லி, வெள்ளித் தகட்டில் நாக்கு போல ஓர் உரு வெட்டி வாங்கியிருந்தாள். கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. "போடு ராசா, ஆத்தா வாங்கிக்கிட்டு உனக்கு வேற நாக்கு குடுப்பா" என்றாள். உண்டியல் வாயில் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓரம் கூராக இருந்தது. பறைச் சத்தத்தில் அது உள்ளே விழுந்த ஒலி கேட்கவில்லை.

சார் சிவப்பு மையில் எழுதிய அந்தக் காம்போசிஷனின் தலைப்பு 'மறக்க முடியாத நாள்'. ஐப்பசி அடைமழையில் நடந்ததை எழுதியிருந்தேன். அப்பாயி அடுப்படியில் குத்துக்காலிட்டு, அடுக்கியிருந்த வறட்டியில் ஒன்றை எடுக்கக் கை நீட்டுகிறாள். அடுக்குக்குக் கீழே வால் தெரிகிறது. நிலைப்படியில் நிற்கிற என் உதடு சேர்ந்துவிட்டது. தினமும் கைகொடுக்கிற 'நல்லது' அந்த நொடியில் ஞாபகத்துக்கே வரவில்லை. பக்கத்தில் இருந்த வெண்கலப் பானையை எட்டி உதைத்தேன். அது உருண்ட சத்தத்தில் அவள் கையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். அவ்வளவுதான். என் ஆங்கிலத்துக்குப் பதினோரு வரிதான் வந்தது. எல்லாம் குட்டி வாக்கியங்கள். எல்லோரும் தூங்கப்போன பிறகு பாம்பு என்று சொன்னேன், கேட்க யாரும் இல்லை என்று முடித்திருந்தேன்.

நாலு நாள் கழித்து சார் என்னைக் கூப்பிட்டார். சட்டை மடிப்பிலிருந்து சாக்பீஸ் தூள் உதிர நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"அகராதி வாங்கிப் பாத்தியாமே. என்ன போட்டிருந்துது?"

நான் நாக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மேசை மேலேயே சாக்பீஸால் இரண்டு சொல் எழுதினார். ஒன்று ஃப்ளூவன்ட். மற்றது எலோக்வன்ட்.

"இது ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கறாங்க. ரெண்டும் லத்தீன்லேருந்து வந்தது. ஃப்ளூவன்ட்னா ஓடறது, தண்ணி மாதிரி. ஆத்துல என்ன போவுதுன்னு ஆறு பாக்குமா? செத்தையும் போவும், பூவும் போவும். எலோக்வன்ட் அது இல்ல. முன்னால இருக்கற எ-க்கு வெளியேன்னு அர்த்தம். லோக்வின்னா பேசறது. உள்ள இருக்கறது வெளியே வரணும். முழுசா வரணும். எவ்ளோ நேரமாச்சுன்னு அந்தச் சொல்லு கேக்கல. உன் பானை உருண்டுதே, எனக்கு இங்க கேட்டுது."

அந்த மேசையை ஒருவரும் அதற்கு முன் எனக்காகக் கரும்பலகை ஆக்கியதில்லை. கண்ணை நிமிர்த்த முடியவில்லை. மேசை மேல் இருந்த இரண்டு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சார் சீனிவாச சாஸ்திரியார் பெயரை எடுத்தார். "நம்ம வலங்கைமான்காரர். இங்கிலீஷ்காரனே அவர் பேச்சக் கேட்டு வெள்ளி நாக்குன்னான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாயி உண்டியலில் போடச் சொன்னது சாருக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். இனிக்க இனிக்கப் பேசுகிறவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று அவர் விளக்கிய பிறகும் அந்தத் திகைப்பு போகவில்லை. எங்கள் ஆத்தாள் வாங்கிக்கொண்டவற்றில் ஒன்றை சாஸ்திரியாருக்குக் கொடுத்திருப்பாள் என்றே பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷ ஆண்டுவிழா எலொக்யூஷன் போட்டிக்கு சாஸ்திரியார்தான் தலைப்பு. சார் ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். 1869இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தது. கும்பகோணத்தில் படித்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தது. அதை விட்டு 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தது. 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் பிரதிநிதியாகப் போய், கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளுக்காக டர்பனில் ஒரு கல்லூரி எழக் காரணமாக இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் ஆனது. பேச்சால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு அந்த டர்பன் கல்லூரியைத்தான் சார் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீ எழுது. அவன் பேசட்டும்" என்று என் பெஞ்சுத் தோழனைக் காட்டினார். அவனுக்குக் கணீரென்ற குரல். ஆங்கிலத்தில் அவனுக்குச் சொந்தமாக நாலு வரி வராது, எழுதிக் கொடுத்தால் மணி மணியாக உருப்போடுவான்.

வலித்ததா என்றால், வலித்தது. வீட்டுக்குப் போய் ரகசியமாக ஒரு முயற்சி செய்தேன். கிரேக்கத்து டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகித் தன் நாக்கின் குறையை வென்ற கதையை சார்தான் சொல்லியிருந்தார். கூழாங்கல்லுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் ஆற்றைத் தோண்டினால் மணல், வயலைத் தோண்டினால் களிமண். புளியங்கொட்டையைப் பொறுக்கி வாயில் அடக்கிக்கொண்டு குடமுருட்டிப் படித்துறையில் நின்று பேசினேன். ஒரு வாரத்தில் ஈறு புண்ணானதுதான் மிச்சம்.

மாலை வகுப்பு முடிந்ததும் ஒத்திகை. சார் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுத் தோழனை நடுவில் நிறுத்துவார். இந்தச் சொல்லுக்கு வலக்கை மார்பு உயரம், இந்தச் சொல்லுக்கு உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும், இங்கே ஒரு காலடி முன்னால். அவருக்கு அவர் வாத்தியார் கற்றுக்கொடுத்தது. அந்த வட்டம் எங்கிருந்து புறப்பட்டு எங்கள் ஊர் சிமெண்டுத் தரைக்கு வந்து சேர்ந்தது என்பது எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. கில்பர்ட் ஆஸ்டின் என்கிற பாதிரியார் 1806இல் கையசைவுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பேசுகிறவனைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து, கை எந்தத் திசைக்கு, எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்று புள்ளி குறித்தார். அவருக்கு முன்னால் தாமஸ் ஷெரிடன். அயர்லாந்து நடிகர், 1762இல் எலொக்யூஷன் பற்றிய தம் சொற்பொழிவுகளை அச்சிட்டவர். லண்டன் உச்சரிப்புக்கு ஏங்கிய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எடின்பரோவுக்கே போய் வகுப்பு எடுத்தவர். குரல், உச்சரிப்பு, கை, கண். எலொக்யூஷன் என்றால் இதுதான் என்று அவர்கள் காலத்தில் நிலைபெற்றது. அதுதான் பள்ளிக்கூடங்கள் வழியாக எங்கள் ஆண்டுவிழா வரை வந்தது.

ஆனால் அந்தச் சொல் பிறந்த ரோமாபுரியில் அதற்குப் பொருள் வேறு. சிசரோ போன்றவர்கள் பேச்சுக் கலையை ஐந்தாகப் பிரித்தார்கள். பொருளைக் கண்டுபிடிப்பது, வரிசைப்படுத்துவது, அதற்குரிய சொல்லைத் தேர்ந்து கோப்பது, மனத்தில் இருத்துவது, எடுத்துச் சொல்வது. 'எலோக்யூஷியோ' என்பது இதில் மூன்றாவது. குரலும் கையும் ஐந்தாவதில் வரும், அதற்குப் பெயரே வேறு. கும்பகோணம் கோபால் ராவ் நூலகத்தில் இதைப் படித்த மத்தியானம் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே ஒரு பையன், ரோமானியர் கணக்கில் எலொக்யூஷனில் அவனும் இருந்தான்.

நம் வள்ளுவரும் இரண்டையும் கலக்கவில்லை. 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. சபையில் நடுங்காமல் நிற்பதற்கு 73ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை. சொல்லின் வன்மை ஒன்று, சபைக்கு முன் நெஞ்சின் வன்மை இன்னொன்று. அந்த அகராதிக்காரர் 'நாவன்மை' என்று எழுதாமல் 'சொல்வன்மை' என்று எழுதியிருந்தால் நான் அன்று மதியம் சாப்பிட்டிருப்பேன். அகராதி எழுதுகிறவர்களிடம் இதை ஒரு வேண்டுகோளாகவே சொல்வேன். ஆங்கிலத்தில் எலோக்வன்ட் என்பதை வாய்க்கு மட்டும் சொல்வதில்லை. கையைச் சொல்கிறார்கள், கண்ணைச் சொல்கிறார்கள், மௌனத்தையே அப்படிச் சொல்கிறார்கள். 'நா' என்று போட்டதும் அந்த வாசல் அத்தனையும் அடைபட்டுவிடுகிறது. சரளமாகப் பேசுகிறவரையெல்லாம் எலோக்வன்ட் என்று நாம் சொல்லிவிடுவதும் இதோடு சேர்ந்த பிழைதான்.

ஆண்டுவிழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் கீற்றுப் பந்தல். வலங்கைமான் சவுண்டு செட்டு, இரண்டு குழாய் ஒலிபெருக்கி. மேடைக்குப் பக்கவாட்டில் தட்டி மறைவில் என்னைக் காகிதத்தோடு நிறுத்தியிருந்தார் சார், மறந்தால் எடுத்துக்கொடுக்க. என்னை ஏன் அந்த வேலைக்கு வைத்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எழுதியவனுக்குத்தான் ஒவ்வொரு வரியும் மனப்பாடம் என்பது ஒன்று. வேறு காரணமும் அவருக்கு இருந்திருக்கலாம்.

தோழன் நன்றாகவே தொடங்கினான். கை சரியான உயரத்துக்குப் போனது. சாஸ்திரியார் பிறந்த வருஷம் வந்தது, ஊர் வந்தது. அடுத்த வரிக்கு முன்னால் நின்றான். சொல்லுக்கு இடம் விடுகிறான் என்று நினைத்தேன். மூச்சு இரண்டு போனது. மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. மெல்லத் தட்டிப் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

அந்த வரி 'புவர்' என்று தொடங்கும். பணத்தில் ஏழை, சொல்லில் பணக்காரர் என்கிற வரி. காகிதத்தில் எனக்குப் 'ப'விடம் பயமே கிடையாது. பேச்சில் தராத இடத்தையெல்லாம் எழுத்தில் அதற்குக் கொடுப்பேன். வேண்டுமென்றேதான் அந்த வரியை அப்படித் தொடங்கியிருந்தேன்.

வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடிக்கொண்டது. உதடு இரண்டும் இறுகின. காற்று முட்டியது, கழுத்து இழுத்தது. காகிதத்தைத் தூக்கிக் காட்டலாம் என்றுகூடத் தோன்றவில்லை. உதைக்கப் பானையும் இல்லை. கண் மூடப் போகிறது என்று தெரிந்து, மூடாமல் வலுக்கட்டாயமாக அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவனும் பார்த்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. அவன் உதடு மெதுவாக, என்னுடையதைப்போலவே ஒட்டிக்கொண்டது. ஒரு கணம் இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றோம். பிறகு அவனுடையது பிரிந்தது.

'புவர்' என்று குழாய் இரண்டிலும் கேட்டது. அதற்குமேல் அவன் எங்கேயும் நிற்கவில்லை. டர்பனுக்குப் போனான், சிதம்பரத்துக்குத் திரும்பி வந்தான், கைதட்டல் வந்தது.

முதல் பரிசு ஒரு சோப்பு டப்பா. இளம்பச்சை நிறம். இருட்டிய பிறகு ஆற்றங்கரை மேட்டில் நடந்து வந்தோம். தூரத்தில் சவுண்டு செட்டில் ஏதோ பாட்டுப் போட்டிருந்தார்கள். அவன் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தான்.

"அந்த எடம் சுத்தமா மறந்துபோச்சுடா. நல்லவேளை நீ சொன்ன."

நான் நின்றுவிட்டேன். இல்லை என்று தலையாட்டினது இருட்டில் அவனுக்குத் தெரிந்திருக்காது. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஆனது. அவன் முடித்துவைக்க முயலாமல் காத்திருந்தான்.

"நா... நா சொல்லலடா. எனக்கு வ... வரவே இல்ல."

"கேட்டுச்சே" என்றான்.